கியோம் த மாஷோ: "என் முடிவே என் தொடக்கம்" பாடுவது எப்படி? அவர் வாழ்க்கைக் குறிப்பில் எதை நம்பலாம்?

நாற்குரல்:

நான்கு குரல்களுக்கான ஒரு நிகழ்ச்சிக்கு, 14-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கவிஞரும் இசைப்புலவருமான மாஷோவின் மூன்று பாடல்கள் எடுத்திருக்கிறோம். 'மா ஃபான் எ மோன் கொமான்ஸ்மான்' என்கிற "என் முடிவே என் தொடக்கம்", 'தூஸ் தாம் ஜோலி', நோத்ர் தாம் திருப்பலியிலிருந்து கீரியே ('ஆண்டவரே இரக்கமாயிரும்' என்ற மன்றாட்டு). பதிப்பு கையில் இருக்கிறது. ஆனால் படிக்கப் படிக்கச் சந்தேகம்தான் கூடுகிறது.

"என் முடிவே" அச்சில் 40 பார் (தாளக் கட்டம்) தான். பாடல் வரிகளோ எட்டு. எந்த வரிக்கு எந்த இசை? அதில் "என் மூன்றாம் குரல் மூன்றே முறை திரும்பும்" என்று ஒரு வரி வருகிறது. அந்த மூன்றாம் குரலான கான்ட்ராடெனர் நடுவில் ஒரே ஒரு தடவைதானே திரும்புகிறது? மூன்று எங்கிருந்து வந்தது?

அடுத்தது ஷார்ப் குறிகள். சுரங்களின் தலைக்கு மேல் சின்னதாகப் போட்டிருக்கிறார்கள். சுவடியில் இவை இல்லை என்று முன்னுரையே சொல்கிறது. பாட வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா?

நிகழ்ச்சித் தாளுக்கு அரைப் பக்கம் வாழ்க்கைக் குறிப்பும் வேண்டும். ஐந்தாம் சார்ல் மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக 1364-ல் இந்தத் திருப்பலி இயற்றப்பட்டது என்று பல இடங்களில் பார்க்கிறேன். அதை எழுதலாமா?

சுவடிநேசன்:

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அதற்கே இடம் வேண்டும்.

இந்தப் பாடல் மூன்று குரலுக்கான ரோந்தோ வடிவம். இசையில் இரண்டே துண்டு: முதல் 20 பார் முன்பாதி, அடுத்த 20 பார் பின்பாதி. எட்டு வரிகளுக்கும் இந்த இரண்டையே மாற்றி மாற்றிப் பாட வேண்டும். வரிசை இது: முன், பின், முன், முன், முன், பின், முன், பின். வரிகளை வைத்துப் பார்த்தால், "என் முடிவே என் தொடக்கம்" முன்பாதிக்கு, "என் தொடக்கமே என் முடிவு" பின்பாதிக்கு. இவை இரண்டும் பல்லவி. அடுத்து டெனர் என்ற தாங்குகுரலைப் பற்றிய மூன்றாம் வரி முன்பாதிக்கு. பிறகு பல்லவியின் முதல் வரி மட்டும் திரும்ப வரும், அதுவும் முன்பாதிக்கே. ஐந்தாம் வரி "என் மூன்றாம் குரல் மூன்றே முறை", முன்பாதி. ஆறாம் வரி "பின்னோக்கித் திரும்பி அப்படியே முடியும்", பின்பாதி. கடைசியில் பல்லவி முழுதாக. எட்டு இருபது, மொத்தம் 160 பார். 40 பாரோடு நிறுத்தினால் பாடலில் கால்பங்குதான் பாடியதாகும்.

இப்போது அந்த 'மூன்று முறை'. கான்ட்ராடெனருக்குச் சுவடியில் எழுதியிருப்பது 20 பார் மட்டும். பின்பாதியை அவர் அதே சுரங்களைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் படித்துப் பாட வேண்டும். ஆகவே முன்பாதியிலிருந்து பின்பாதிக்குப் போகும்போதெல்லாம் அவர் திரும்புகிறார். மேலே சொன்ன வரிசையில் முன்பாதியை அடுத்துப் பின்பாதி எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுங்கள்: 1-2 வரிகள், 5-6 வரிகள், 7-8 வரிகள். மூன்றே தடவை. அந்த வரி பாடகருக்கு எழுதிய செய்முறைக் குறிப்பு. அதைக் காதல் கவிதையாகப் படித்து உள்ளர்த்தம் தேடுகிறவர்கள் இந்தக் கணக்கைத் தவறவிடுகிறார்கள்.

மேல் குரல்கள் இரண்டுக்கும் எழுதியிருப்பது ஒரே வரிசைச் சுரம். ஒருவர் முதலிலிருந்து முடிவுக்குப் பாடுகிறார், மற்றவர் முடிவிலிருந்து முதலுக்கு. கான்ட்ராடெனரும் நடுவில் திரும்பிவிடுவதால், பின்பாதி முழுவதும் முன்பாதியைப் பின்னோக்கி ஓட்டி, மேல் குரல்களை இடம் மாற்றியதுதான். மாலைமாற்றுப் பாட்டு பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஆனால் மாலைமாற்றில் திரும்புவது எழுத்து. இங்கே மூன்று குரல் சேர்ந்த ஒலி திரும்புகிறது. அது இன்னும் கடினம். நெருடலான ஒலி முதலில் வந்து, இணக்கமான ஒலியில் போய்த் தீர வேண்டும் என்பது அக்காலத்து விதி. பின்னோக்கி ஓடினால் தீர்வு முன்னால் வந்து நெருடல் பின்னால் நிற்கும். இரு திசையிலும் காது ஏற்கிற மாதிரி ஒவ்வொரு சுரத்தையும் தேர்ந்திருக்கிறார்.

தவறு நடக்கும் இடங்கள். சில சுவடிகளில் பாடல் வரி தலைகீழாக எழுதப்பட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஏட்டையே தலைகீழாகப் பிடித்துப் பாடக் கூடாது. அப்படிப் பிடித்தால் காலம் மட்டுமல்லாமல் உயரமும் தலைகீழாகிவிடும். ஏற வேண்டிய இடத்தில் இறங்குவீர்கள், மற்ற குரல்களோடு சேரவே சேராது. தலைகீழ் எழுத்து "கடைசியிலிருந்து தொடங்கு" என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். ஏடு நேராகவே இருக்கட்டும், கண் வலமிருந்து இடமாகப் போகட்டும்.

இன்னொன்று: பின்னோக்கிப் படிப்பவருக்கு ஃப்ளாட், ஷார்ப் குறிகள் சுரத்தைப் பாடிய பிறகுதான் கண்ணில் படும். பென்சிலால் சுரத்தின் மறுபக்கமும் குறித்துவையுங்கள். லிகச்சர் எனப்படும் கூட்டுக் குறிகளும் பின்னோக்கிப் படிக்கத் தோதானவை அல்ல. அவற்றைத் தனித்தனிச் சுரங்களாகப் பிரித்து எழுதிக்கொண்டால் நேரம் மிச்சமாகும்.

பயிற்சிக்கு ஒரு வழி. கான்ட்ராடெனர் பாடுபவரிடம் 40 பார் அச்சுத் தாளைக் கொடுக்காதீர்கள். 20 பார் மட்டும் எழுதிக் கொடுங்கள். திரும்பும் இடத்தை அவர் உடலால் உணர வேண்டும். முதல் நாள் முன்பாதியை மட்டும் மூவரும் பாடுங்கள். இரண்டாம் நாள் பின்பாதியை மட்டும். அதன் பிறகு சேருங்கள். முன்பாதியிலிருந்து மறுபடி முன்பாதிக்கே குதிக்கும் இரண்டு இடங்கள் இருக்கின்றன: 3-லிருந்து 4-ஆம் வரிக்கு, 4-லிருந்து 5-ஆம் வரிக்கு. குழு உடைவது பெரும்பாலும் அங்கேதான், ஏனென்றால் கான்ட்ராடெனர் பழக்கத்தில் திரும்பிவிடுவார்.

பஞ்சமம்:

ஷார்ப் குறிகளுக்கு வருகிறேன். பாட வேண்டும். ஆனால் பதிப்பாசிரியர் போட்டதற்காக அல்ல, விதி தெரிந்து பாட வேண்டும்.

14-ஆம் நூற்றாண்டுப் பாடகர் எல்லா ஷார்ப்பையும் எழுதி வைத்து எதிர்பார்க்க மாட்டார். எழுதாததைப் பாடகரே விதிப்படி சேர்த்துக்கொள்வார். இதற்கு மூசிகா ஃபிக்டா என்று பெயர். அடிப்படை மிகச் சின்னது. இரு குரல்களுக்கு இடையே மூன்றாம் இடைவெளி (ஒரு சுரத்திலிருந்து எண்ணினால் மூன்றாவது சுரம் வரை உள்ள தூரம்) விரிந்து ஐந்தாம் இடைவெளியாக மாறும்போது அந்த மூன்றாம் இடைவெளி பெரியதாக இருக்க வேண்டும். ஆறாம் இடைவெளி எட்டாம் இடைவெளியாக விரியும்போது ஆறும் பெரியதாக இருக்க வேண்டும். மூன்றாம் இடைவெளி ஒரே சுரமாகச் சுருங்கும்போது அது சிறியதாக இருக்க வேண்டும். சேரும் இடத்துக்கு முடிந்த அளவு அருகிலிருந்து போய்ச் சேர வேண்டும் என்பதே இதற்குள் இருக்கும் எண்ணம்.

எடுத்துக்காட்டாக, 'டி' சுரத்தில் முடியும் ஓர் இடம். கீழ்க்குரல் 'ஈ'-யிலிருந்து 'டி'-க்கு இறங்குகிறது. நடுக்குரல் 'ஜி'-யிலிருந்து 'ஏ'-வுக்கு ஏறுகிறது. மேல்குரல் 'சி'-யிலிருந்து மேல் 'டி'-க்கு. விதிப்படி 'ஜி', 'சி' இரண்டையும் ஷார்ப் ஆக்க வேண்டும். 'சி' ஷார்ப் மட்டும் பாடி 'ஜி'-யை அப்படியே விடுவது பிற்கால இசை பழகிய காதின் வேலை. இரண்டு ஷார்ப்பும் சேர்ந்து ஒலிப்பது முதலில் உறுத்தும். நாலு நாள் பாடினால் அதுவே மாஷோவின் ஒலி என்று தெரியும்.

சுருதியையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அக்கால முறை பித்தகோரஸ் முறை, சுத்தமான ஐந்துகளை அடுக்கிச் சுரங்களைப் பெறுவது. ஐந்தாம் இடைவெளி 702 சென்ட் (பியானோவின் ஓர் அரைச்சுரம் 100 சென்ட்). பெரிய மூன்று 81/64, அதாவது 408 சென்ட். பியானோவில் அது 400, இயற்கையான இனிய மூன்று 386. ஆக இவர்களுடைய பெரிய மூன்று பியானோவைவிட அகலம், நெருடலானது. சிறிய அரைச்சுரம் வெறும் 90 சென்ட். மேலே சொன்ன 'சி' ஷார்ப்பை இனிமையாக்க வேண்டும் என்று கீழே இழுத்துப் பாடினால், அது தீர வேண்டிய அவசரமே போய்விடும். உயர்த்திப் பாடுங்கள், மேல் 'டி'-யை முட்டுகிற மாதிரி. அப்புறம் வரும் ஐந்தும் எட்டும் ஆடாமல் அசையாமல் சுத்தமாக நிற்க வேண்டும்.

பயிற்சியின்போது 'டி'யும் 'ஏ'யும் 702 சென்ட் இடைவெளியில் ஒலிக்கும் ஒரு சுருதியை ஓடவிட்டு முடிவிடங்களை மட்டும் திரும்பத் திரும்பப் பாடுங்கள். கீபோர்டை வைத்துப் பழகினால் மூன்றாம் இடைவெளி 400-இல் உட்கார்ந்துவிடும், பிறகு எழுப்புவது சிரமம்.

"என் முடிவே" பாடலில் ஒரு பொறி இருக்கிறது. முன்னோக்கிப் பாடும்போது ஷார்ப் கேட்கும் சுரம், பின்னோக்கி ஓடும்போது முடிவுச் சுரத்துக்குப் பின்னால் வரும். அங்கே ஷார்ப்புக்கு வேலை இல்லை. ஆகவே ஒரு திசையில் போட்ட ஷார்ப்பை மறு திசைக்கு அப்படியே நகலெடுக்காமல், இரண்டையும் தனித்தனியாக முடிவுசெய்யுங்கள். கண்ணுக்குச் சமச்சீர் கொஞ்சம் குறையும். காதுக்குச் சரியாக இருக்கும்.

உச்சரிப்பு பற்றியும் ஒரு சொல். இன்றைய பாரிஸ் உச்சரிப்பில் பாடினால் அசைக்கணக்கு உதைக்கும். ஒவ்வொரு வரிக்கும் எட்டு அசை. 'கொமான்ஸ்மான்' என்று மூன்று அசையாகச் சுருக்காமல் 'கொ-மான்-ஸெ-மான்' என்று நாலு அசை. டெனரைக் குறிக்கும் சொல் 'தெ-னெ-ஊ-ரெ', அதுவும் நாலு. 'ட்ருவா', 'ஃபுவா' என்பவை 'ட்ருவெ', 'ஃபுவெ' போல. 'ர' நாக்கு நுனியில். 'தூஸ் தாம் ஜோலி'யும் 'தூ-ஸெ தா-மெ ஜோ-லி-யெ' என்று ஒலிக்க வேண்டும். அந்தக் கடைசி 'எ'க்கு இசையில் சுரம் இருக்கிறது.

ஏட்டுச்சுருள்:

முடிசூட்டு விழாக் கதையை எழுதாதீர்கள். ஐந்தாம் சார்லின் முடிசூட்டு 1364 மே 19-ல் ரான்ஸ் பேராலயத்தில் நடந்தது (நம்மவர் பலர் ரீம்ஸ் என்று எழுதும் ஊர்). அதே ஊரில், அதே பேராலயத்தில் மாஷோ கானன் (பேராலயக் குருமன்ற உறுப்பினர்) பதவியில் இருந்தார். இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பின்னால் வந்தவர்கள் கட்டிய ஊகம் அது. அன்று இந்த இசை பாடப்பட்டதற்கு ஆவணம் எதுவும் இல்லை. 1360-களின் தொடக்கத்தைச் சேர்ந்தது என்று எழுதினால் போதும். "நோத்ர் தாம் திருப்பலி" என்ற தலைப்புகூட ஒரே ஒரு சுவடியில்தான் இருக்கிறது.

அதைவிட நல்ல செய்தி ஒன்று எழுதலாம். மாஷோவும் அவர் தம்பி ஜானும் அதே பேராலயத்தில் கானன்கள். ஜான் 1372-ல் இறந்தார், கியோம் 1377 ஏப்ரலில். இருவரின் நினைவாகச் சனிக்கிழமைதோறும் அன்னை மரியாளுக்கான திருப்பலி நடக்க வேண்டும் என்று 300 பொற்காசு நிதி வைத்திருந்தார்கள். அவர்களுடைய கல்லறை வாசகத்தின் பிற்காலப் படி ஒன்று இதைச் சொல்கிறது. இந்த இசை அந்தச் சனிக்கிழமை வழிபாட்டோடு சேர்ந்தது என்பதே இன்று ஆய்வாளர்களிடையே வலுவான கருத்து. மன்னரின் கிரீடத்தைவிட இது அந்த இசைக்கு நெருக்கமானது என்பேன்.

மற்ற விவரங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிறந்தது ஏறத்தாழ 1300, ஷாம்பான் பகுதி. 1323 வாக்கில் பொஹீமிய மன்னர் லக்ஸம்பர்க் ஜானிடம் எழுத்தராகச் சேர்ந்து, பின்னர் செயலாளர் ஆனார். அந்த மன்னர் ஓரிடத்தில் நிற்காதவர். அவரோடு போலந்து, லித்துவேனியா வரை போனதை மாஷோவே பின்னால் ஒரு கவிதையில் சொல்கிறார். ரான்ஸ் கானன் பதவி 1330-களில் திருத்தந்தையின் ஆணையால் கிடைத்தது. பதவியேற்பு பிரதிநிதி மூலம் நடந்தது, ஆள் வந்து தங்கியது 1340-ஐ ஒட்டி. ஜான் மன்னர் பார்வை இழந்த நிலையிலும் கிரெசி போர்க்களத்துக்குப் போய் 1346 ஆகஸ்ட் 26-ல் மாண்டார். அதன் பின் மாஷோவை ஆதரித்தவர்கள் ஜானின் மகள் போன், நவார் மன்னர் சார்ல், பெரி கோமகன் ஜான், சைப்ரஸ் மன்னர் பியேர். சைப்ரஸ் மன்னர் 1365-ல் அலெக்சாந்திரியாவைப் பிடித்ததைப் பற்றித்தான் மாஷோவின் கடைசி நெடுங்கவிதை.

பாடகர் என்று மட்டும் எழுதாதீர்கள். மாஷோவை அவர் காலம் முதலில் கவிஞராகவே பார்த்தது.

நாற்குரல்:

மிக்க நன்றி. 160 பார் என்று தெரிந்ததும்தான் பாடலே புரிகிறது. இன்னும் இரண்டு. கீரியேயை எத்தனை முறை திரும்பப் பாட வேண்டும்? பதிப்பில் நாலு பகுதி இருக்கிறது. வார்த்தை எழுதப்படாத குரல்களுக்கு வயோல் (வில்லால் இசைக்கும் பழைய நரம்புக் கருவி) போன்ற கருவி வைத்துக்கொள்ளலாமா? பழைய ஒலிப்பதிவுகளில் கருவிகள் நிறையக் கேட்கின்றன.

சுவடிநேசன்:

கீரியே வழிபாட்டில் ஒன்பது அழைப்பு. முதல் பகுதி மூன்று முறை, 'கிறிஸ்தே' மூன்று முறை, மூன்றாம் பகுதி இரண்டு முறை, நாலாம் பகுதி ஒரு முறை. அதுதான் ஒன்பது. எல்லாவற்றையும் நாற்குரலில் பாடினால் நீளும். ஒன்றைக் குரல்கூட்டாகவும் அடுத்ததை ஒற்றைக் குரல் மரபுப் பாடலாகவும் மாற்றிப் பாடும் வழக்கமும் உண்டு. நிகழ்ச்சிக்கு அதுவே நல்லது, ஏனென்றால் டெனரில் ஒளிந்திருக்கும் மூலப் பாடலைக் கேட்பவர் முதலில் தனியாகக் கேட்டுவிடுவார். மூலம் 'குங்க்திபோத்தென்ஸ் கெனித்தோர்' என்ற பழைய கீரியே.

அந்த மூலத்தை அவர் எப்படி அடுக்கியிருக்கிறார் என்பது டெனர் பாடுபவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். முதல் கீரியேயில் மூலப் பாடலின் சுரங்கள் 28. அவற்றை நாலு சுரம் கொண்ட ஒரே தாள வார்ப்பில் ஏழு முறை ஊற்றுகிறார். தாள வார்ப்புக்கு 'தாலேயா' என்று பெயர், சுர வரிசைக்குக் 'கொலோர்'. ஒரே ஆவர்த்தனம் ஏழு முறை வருகிறது, சுரம் மட்டும் நகர்ந்துகொண்டே போகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வார்ப்பும் தொடங்கும் இடத்தில் 1 முதல் 7 வரை தாளில் எண் போடுங்கள். மேல் குரல்கள் விட்டுவிட்டு, துண்டு துண்டாக, அடியை மீறி ஓடும்போது நால்வரும் திரும்பிச் சேரும் தூண்கள் அந்த ஏழு எண்கள்தான். அவை இல்லாமல் பாரை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் ஒருவர் தவறியதும் எல்லாரும் தவறுவீர்கள்.

சுருதி உயரத்துக்குச் சுவடியைக் கும்பிட வேண்டியதில்லை. அதில் இருப்பது குறிப்பிட்ட அதிர்வெண் இல்லை. கீழ்க்குரல் பாடுபவருக்கு வசதியாக இறக்கியோ ஏற்றியோ வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் முழுத் திருப்பலியும் எடுப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: கீரியே, குளோரியா, கிரேதோ மூன்றும் 'டி'-யில் முடிகின்றன, சாங்க்துஸ், ஆக்னுஸ், இத்தே மிஸ்ஸா எஸ்த் மூன்றும் 'எஃப்'-இல். இரண்டு கூட்டத்துக்கும் பொருந்துகிற உயரத்தை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

கருவி வேண்டாம். 1970-களின் பிற்பகுதியிலிருந்து ஆய்வு காட்டும் திசை முழுக் குரல்தான். வார்த்தை இல்லாத குரலை ஒரே உயிரெழுத்தில் பாடலாம். அகரமோ, சற்றுக் குவிந்த 'ஊ'வோ. மேல் குரல் பாடும் உயிரெழுத்தையே கீழ்க்குரலும் பிடித்துக்கொண்டால் ஒலி அழகாகக் கலக்கும்.

பஞ்சமம்:

கீரியேக்கு ஒப்புக்கொள்கிறேன். காதல் பாடல்களுக்குக் கருவியே வேண்டாம் என்பது கடுமை. மாஷோ தன் 'வுவார் தி'யில், அதாவது 'மெய்க் கதை'யில், பத்தாம் கடிதத்தில் தன் பலாட் (பல்லவியோடு வரும் காதல் பாடல் வடிவம்) ஒன்றை அனுப்பும்போது சொல்வது இதுதான்: எதையும் கூட்டாமல் குறைக்காமல் இருப்பது இருக்கிறபடி கற்றுக்கொள்ள வேண்டும், மிக நீண்ட அளவில் பாட வேண்டும், ஆர்கனிலோ பை ஊதுகுழலிலோ வேறு கருவியிலோ வாசித்தால் அதன் இயல்புக்கு அது பொருந்தும். இயற்றியவர் வாயாலேயே வந்த அனுமதி இது. சுவடிநேசன் சொல்லும் ஆய்வை மறுக்கவில்லை, ஆனால் இந்தக் கடிதத்தைத் தாண்டிப் போக முடியாது. என் கருத்தில் ஒரு குரலுக்கு ஒரு கருவி, அதுவும் அலங்காரம் இல்லாமல் என்றால் தவறில்லை.

அந்தக் கடிதத்தில் "நீண்ட அளவில்" என்பதைக் கவனியுங்கள். இவரது பல குரல் பாடல்களை அவசரமாகப் பாடுவதுதான் இன்று பெரிய தவறு.

'தூஸ் தாம் ஜோலி' வேறு வகை. அது விர்லே. மாஷோ அந்த வடிவத்தை நடனப் பாடல் என்ற பொருளில் 'ஷான்சோன் பலதே' என்றே அழைக்கிறார். ஒற்றைக் குரல்தான். நாலு பேரும் சேர்ந்து ஒத்திசைவு கட்ட வேண்டாம். ஒருவர் சரணம் பாட, மற்றவர்கள் பல்லவியில் சேரலாம். சரணம் மூன்று, பல்லவி தொடக்கத்திலும் ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும், ஆக நாலு முறை. முரசு கட்டி வேகமாகக் கொண்டாட்டமாகப் பாடும் பதிவுகள் நிறைய இருக்கின்றன. ஆனால் வரிகளைப் படித்துப் பாருங்கள்: உன்னைத் தவிர வேறு யாரும் என்னை ஆள்வதாக எண்ணாதே, இரங்கு என்று கெஞ்சுகிற பாட்டு. கால் ஆடட்டும், ஆனால் சொல் கேட்க வேண்டும்.

பொருள்வயின்:

இசை பற்றி நிறையப் பேசிவிட்டீர்கள். கவிதைப் பக்கம் கொஞ்சம் சேர்க்கிறேன், அரைப் பக்கக் குறிப்புக்குப் பயன்படும்.

மாஷோ மற்ற இடைக்காலப் புலவர்களிடமிருந்து விலகி நிற்பது ஒரு விஷயத்தில். தன் எழுத்தை எல்லாம் ஒரே நூலாக்கி, அதன் வரிசையையும் தானே கவனித்தவர். 1370-களின் தொடக்கத்தைச் சேர்ந்த சுவடி ஒன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் 'பிரெஞ்சு 1584' என்ற எண்ணில் இருக்கிறது. அதன் உள்ளடக்கப் பட்டியலின் தலையில், தன் நூலில் இருக்க வேண்டும் என்று மாஷோ விரும்பும் வரிசை இது என்று எழுதியிருக்கிறது. முதலில் நெடுங்கவிதைகள், பிறகு இசையில்லாத பாடல்கள், பிறகு லே, மோட்டெட், திருப்பலி, பலாட், ரோந்தோ, விர்லே என்று இசை வகைகள். அவர் எழுதியவை இத்தனை முழுமையாக நமக்குக் கிடைத்ததற்குக் காரணம் இந்த அக்கறைதான். மோட்டெட் 23, இசையோடு பலாட் 42, விர்லே 33, லே 19, ரோந்தோ இருபதுக்கு மேல். அந்த நூற்றாண்டில் வேறு எவருக்கும் இப்படி மிஞ்சவில்லை. சமகால இசைப்புலவர் ஃபிலிப் த வித்ரி போன்ற பெரிய பெயருக்குக்கூட எது அவருடையது என்று இன்றும் சண்டை நடக்கிறது. சுவடியை இணையத்தில் அந்த நூலகத்தின் கல்லிக்கா தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். "என் முடிவே" ஏட்டை நேரில் பார்த்துவிட்டுப் பாடுங்கள்.

படிக்கத் தொடங்க 'ரெமேத் த ஃபோர்த்யூன்' நல்ல வாசல். ஊழின் அடிக்கு மருந்து என்று பொருள். நாலாயிரம் அடிக்கு மேல். காதலைச் சொல்ல முடியாமல் தவிப்பவனை நம்பிக்கை என்ற பெண் வந்து தேற்றும் கதை. கதை நடுவே ஏழு பாடல்கள் இசையோடு வருகின்றன, லேயில் தொடங்கி ரோந்தோ வரை, ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு மாதிரி. நீண்ட சிக்கலான வடிவத்தில் தொடங்கிச் சின்ன எளிய வடிவத்தில் முடிகிறது. இலக்கணமும் இலக்கியமும் ஒரே நூலில் என்று சொல்லலாம்.

பஞ்சமம் குறிப்பிட்ட 'மெய்க் கதை' அதற்கு அடுத்து. 1363 முதல் 1365 வரை. ஒன்பதாயிரம் அடிக்கு மேல், நடுவே 46 உரைநடைக் கடிதங்கள். அறுபதைத் தாண்டிய கவிஞருக்கும் அவர் கவிதையை நேசிக்கும் இளம்பெண்ணுக்கும் இடையிலான உறவு. மெய்யா புனைவா என்பதை விட்டுவிட்டுப் படித்தால், ஒரு கவிதை எப்படி எழுதி, இசையமைத்து, படியெடுத்து, அனுப்பப்பட்டது என்பதற்கு இதற்கு இணையான சாட்சி அந்த நூற்றாண்டில் கிடையாது.

அவருடைய இன்னொரு நெடுங்கவிதை 'நவார் மன்னரின் தீர்ப்பு' 1349 நவம்பர் 9 என்று நாளையே சொல்லித் தொடங்குகிறது. கொள்ளைநோய்க்கு அஞ்சி வீட்டுக்குள் அடைந்து கிடப்பதும், நோய் தணிந்ததும் வெளியே இசை கேட்பதும் மறக்க முடியாத பகுதி. அதே பகுதியில் யூதர்கள் நீர்நிலைகளில் நஞ்சு கலந்தார்கள் என்ற பழியையும் அவர் அப்படியே எழுதுகிறார். அந்தப் பொய்யால் அப்போது ஊர் ஊராக யூதர்கள் கொல்லப்பட்டார்கள். மாஷோவைப் போற்றி எழுதும்போது இதை மறைக்கக் கூடாது.

அவர் விட்டுச் சென்றதைப் பற்றி இரண்டு வரி போதும் என்றால் இவற்றைப் போடுங்கள். அவர் இறந்ததும் கவிஞர் யுஸ்தாஷ் தெஷாம் எழுதிய இரங்கல் பலாட்கள் இரண்டை இசைப்புலவர் ஃப். ஆந்திரியே நாற்குரலில் ஒரே நேரத்தில் ஒலிக்கும்படி இசையமைத்தார். இரண்டுக்கும் பல்லவி ஒன்றே, மாஷோவின் மரணம். அதே தெஷாம் 1392-ல் யாப்பைப் பற்றி எழுதியபோது செய்யுளை இயற்கை இசை என்றும் ராகம் கட்டுவதைச் செயற்கை இசை என்றும் பிரித்தார். மாஷோவிடம் ஒரே கையில் இருந்தவை அதற்குள் இரண்டாகப் பிரிந்துவிட்டன. பின்வந்த கவிஞர்கள் ஃப்ருவாசாரும் கிறிஸ்தீன் த பிசானும் இவர் வடிவங்களில் எழுதினார்கள், இசையமைக்கவில்லை.

கடல் தாண்டி, இங்கிலாந்துக் கவிஞர் சாசர். அவரது முதல் பெரிய கவிதையில், இறந்த கோமகளுக்கான இரங்கலில், மாஷோவின் அடிகள் வரிசையாக மொழிபெயர்ந்து கிடக்கின்றன. 1359 டிசம்பரில் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டின் படை ரான்ஸை முற்றுகையிட்டபோது மாஷோ மதிலுக்கு உள்ளே. அந்தப் படையெடுப்பில் வந்த இளம் சாசர் பிரெஞ்சுக்காரர்களிடம் பிடிபட்டு, 1360 மார்ச்சில் அரசர் 16 பவுன் கொடுத்து மீட்டார்.

ஏட்டுச்சுருள்:

பொருள்வயின் சொன்னதோடு ஒரு சேர்க்கை. 15-ஆம் நூற்றாண்டிலேயே குறியீட்டு முறை மாறிப்போனதால் இசை படிக்க ஆளில்லாமல் போயிற்று. கவிதை 1740-களில் பிரெஞ்சு அறிஞர்கள் கண்ணில் மறுபடி பட்டது. இசைக்கு ஃப்ரீத்ரிக் லூத்விகின் பதிப்பு 1926-ல்தான் வெளிவரத் தொடங்கியது, திருப்பலி அடங்கிய நாலாம் தொகுதி 1954-ல்தான் கைக்கு வந்தது. ஆகவே "ஆறு நூற்றாண்டாகப் பாடப்பட்டு வரும்" என்று நிகழ்ச்சித் தாளில் எழுதிவிடாதீர்கள். பலர் எழுதுகிறார்கள்.

திருப்பலியைப் பற்றி எழுதும்போது "முதல் பல குரல் திருப்பலி" என்பதும் தவறு. தூர்னே சுவடியில் அதற்கு முந்திய பகுதிகளைத் தொகுத்த திருப்பலி உண்டு. "முழுவதும் ஒரே இசைப்புலவர் இயற்றியதாக நமக்குப் பெயரோடு தெரிந்தவற்றில் முதலாவது" என்பதே சரியான வாசகம். நீளமாக இருந்தாலும் அப்படியே போடுங்கள்.

நாற்குரல்:

போட்டுவிடுகிறேன். கடைசியாக ஒன்று: "என் முடிவே" எவ்வளவு நேரம் வரும்? நிகழ்ச்சி நிரலில் இடம் ஒதுக்க வேண்டும்.

சுவடிநேசன்:

ஒரு பாருக்கு 2 விநாடி வைத்தால் 160 பாருக்கு 320 விநாடி, அதாவது 5 நிமிடம் 20 விநாடி. ஆறு நிமிடம் ஒதுக்குங்கள். எட்டு அசையை 20 பாருக்கு இழுப்பதால் மூச்சு தீரும். சொல்லுக்கு நடுவே மூச்சு எடுப்பதில் தவறில்லை, ஆனால் மேல் குரல் இரண்டும் ஒரே இடத்தில் எடுக்காதபடி பென்சிலால் இடம் குறித்துவிடுங்கள். முன்பாதியில் ஒருவருக்குக் குறித்த இடங்கள் பின்பாதியில் மற்றவருக்கு எதிர்த்திசையில் வரும். ஒரு தடவை குறித்தால் போதும்.